மூதூர்ப் பக்கம் ஆலைக்குக் காணி பாக்க வந்தன்: மாரியில பாக்காம காசு குடுக்காதீங்க

வணக்கம் உறவுகளே. காத்துச் சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க. இது கச்சான் காத்து, ஆடி மாசம் இங்க இப்பிடித்தான் அடிக்கும். நான் இப்ப நிக்கிறது திருகோணமலை மாவட்டம், மூதூர்ப் பக்கம், ஏ15 ரோட்டில இருந்து ஒண்டரைக் கிலோமீற்றர் உள்ளுக்க. ஊர்ப் பேரச் சொல்லல்ல, காணிக்காரர் வேணாம் எண்டவர்.

கனடாவில இருக்கிற தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார். "அண்ண, ஊரில நாலு பேருக்கு வேலை குடுக்கிற மாதிரி ஒரு அரிசி ஆலை போட ஆசை. 4 ஏக்கர் ஒண்டு விலைக்கு வருது, போய்ப் பாத்துச் சொல்லுங்க" எண்டு. ஆசை நல்ல ஆசை. அல்லை நீர்ப்பாசனத் திட்டத்து வயல் எல்லாம் சுத்தி இருக்கு, நெல்லு இங்க விளையுது. அத லொறியில ஏத்தி வெளி மாவட்டத்துக்கு அனுப்பிப்போட்டு, அரிசியா திருப்பி வாங்கிச் சாப்பிடுறம். இது எனக்குக் கனகாலமா மனசில கிடக்கிற கவலை. அதால காசு வாங்காமத்தான் வந்தன்.

இந்தா, கமராவத் திருப்புறன். பாருங்க, மேசை மாதிரி சமதரை. ஒரு பத்தை இல்ல. புரோக்கர் ஆக்கள் இதத்தான் போட்டோ எடுத்து அனுப்புவினம். ஆடியில எந்தக் காணியும் வடிவாத்தான் இருக்கும்.

இப்ப கீழ பாருங்க. வெடிப்புத் தெரியுதா? என்ர கை விரல் முழுக்க உள்ளுக்க போகுது. இது களி. தண்ணி பட்டா ஊதும், காஞ்சா சுருங்கும். இதில வீடு கட்டினாலே சுவர் பிளக்கும். ஆலைக்கு பொயிலர், நெல்லுக் கொட்டுற சைலோ, ஓயாம அதிருற மெசின், நிறைஞ்ச லொறி. துளை போட்டு மண் பரிசோதனை செய்யாம இதில அத்திவாரம் எண்ட பேச்சே வேணாம்.

அடுத்தது அந்த வேம்பு. கிட்டப் போறன், இருங்க. அடியில, என்ர முழங்காலுக்குக் கொஞ்சம் மேல, ஒரு கோடு மாதிரி நிறம் மாறியிருக்கு. வேலிக் கட்டையிலயும் அதே உயரத்தில சருகும் வைக்கலும் சிக்கிக் கிடக்கு. வெள்ளம் வந்து நிண்ட அளவு அது. மகாவலி கொட்டியாரக் குடாவில விழுற இடம் இங்கயிருந்து தூரம் இல்ல. மலைநாட்டில பெய்யிற மழையும் இந்த வழியாத்தான் கடலுக்குப் போகவேணும். 2011 தை மாச வெள்ளத்தில கிழக்கு மாகாணம் பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, மண் போட்டு உயர்த்தலாமே எண்டு கேப்பீங்க. கணக்கப் பாப்பம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மூண்டு அடி உயர்த்தினா 1,300 கியூப் தாண்டும், ஒரு கியூப் எண்டா 100 கன அடி. ஒரு டிப்பரில 3 கியூப் எண்டு வைச்சாலும் 430 லோடுக்கு மேல, அதுவும் ஒரு ஏக்கருக்கு மட்டும். 4 ஏக்கருக்கு ஆயிரத்து எழுநூறு லோடு தாண்டுது. காணி விலை மலிவு எண்டு சொன்னவர் இந்தக் கணக்கச் சொன்னவரா? அதோட, நாம உயர்த்தினா இங்க நிண்ட தண்ணி எங்க போகும்? பக்கத்து வயலுக்குள்ளதான் போகும். அந்த வயல்காரர் நாளைக்கு உங்களுக்கு நெல்லுத் தர வேண்டிய ஆள்.

இதில நான் பட்ட பாட்ட மறைக்க ஏலாது. சில வருசத்துக்கு முந்தி தம்பலகாமத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்துக்குக் காணி பாத்துக் குடுத்தனான். பாத்தது ஆவணியில. "நல்ல காணி, எடுங்க" எண்டு நானே சொன்னன். மார்கழியில அடுக்கின மூட்டை எல்லாம் தண்ணிக்குள்ள. அந்த மனுசன் என்னை ஒரு சொல்லும் ஏசல்ல, பேசாம நிண்டவர். அண்டையில இருந்து கோடையில மட்டும் பாத்த காணிக்கு நான் முடிவு சொல்லுறதில்ல.

நான் வரக்குள்ள பட்டிக்கார ஐயா ஒருத்தரச் சந்திச்சன். அவருக்கு எண்பது மாடு. "தம்பி, கார்த்திகைக்குப் பிறகு நாங்க மாட்ட இதுக்குள்ள விடுறதில்ல, புதைஞ்சுபோகும். இந்தக் கரையாலதான் தரவைக்கு, மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவம்" எண்டார். ஒரே வசனத்தில வெள்ளமும் வந்திட்டு, மாட்டுப் பாதையும் வந்திட்டு. அந்தப் பாதை எந்தச் சேவயர் பிளானிலயும் இல்ல. அதில மதில் கட்டினா அடுத்த நாளே ஊரோட பிரச்சினை. யானை எந்தப் பக்கத்தால வரும் எண்டதும் இவங்களுக்குத்தான் தெரியும்.

இனி உறுதி, அதாவது காணிப் பத்திரம். காணிக்காரர் ஒரு உறுதி காட்டினார், ஒரு பெர்மிட்டும், அதாவது அரச காணிக்குக் குடுக்கிற அனுமதிப் பத்திரமும் காட்டினார். ரெண்டரை ஏக்கர் உறுதிக் காணி, மிச்சம் பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில குடுத்த பெர்மிட்ட உறுதிக் காணி மாதிரிக் கை மாத்த ஏலாது, பிரதேச செயலாளர்ர சம்மதம் வேணும். குடுத்ததும் குடியிருக்க, பயிர் செய்ய. ஆலை போட இல்ல. உறுதிப் பங்குக்கு காணிப் பதிவகத்தில ஆகக் குறைஞ்சது 30 வருசம் பின்னுக்குப் போய்த் தேடவேணும்.

எங்கட மாவட்டத்தில அந்த 30 வருசம் எண்டது என்ன காலம் எண்டு யோசிச்சுப் பாருங்க. ஆக்கள் உடுத்த உடுப்போட ஓடின காலம். பத்து வருசம் ஒருத்தர் ஆண்டா ஆட்சியுரிமை கேக்கலாம் எண்டு சட்டம் இருக்கு. ஆனா யுத்தத்தால வந்து கேக்க முடியாமப் போனவங்களுக்காக 2016இல 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 1983 மே 1இல இருந்து 2009 மே 18 வரைக்குமான காலத்த மனசில வைச்சு. அதால, "நாங்க இருபது வருசமா இருக்கிறம்" எண்ட சொல்லில மட்டும் காசு குடுக்காதீங்க. பக்கத்து வளவுக் கிழவிட்டக் கேளுங்க, முந்தி இதில ஆர் இருந்தது எண்டு.

இங்கயிருந்து கடலப் பாத்தா சம்பூர்ப் பக்கம். 2006இல அந்தச் சனம் இடம்பெயர்ந்தது. 2012இல அவங்கட 818 ஏக்கர் பாரிய கைத்தொழில் வலயம் எண்டு போனது. வரைபடத்தில பாத்தா குறை சொல்ல ஏலாது: ஆழக்கடல், சமதரை, "ஆளில்லாத" காணி. ஆளில்லாமப் போனது ஆக்கள் முகாமில இருந்தபடியா. 2015இல அந்த அறிவித்தல் ரத்தாகி சனம் திரும்பி வந்தது. 500 மெகாவாட் அனல்மின் நிலையத் திட்டமும் 2016இல கைவிடப்பட்டது. 2025 சித்திரையில 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடங்கியிருக்கு. தொழில் வேணாம் எண்டு அந்தச் சனம் சொல்லல்ல. எங்கட கிணறு, எங்கட கோயில், எங்கட வளவு எண்டுதான் கேட்டது. காணி மதிப்பீடு எண்டு ஆராவது பைல் கொண்டுவந்தா நான் முதல் தேடுறது முந்தி அதில ஆர் இருந்தது எண்டு எழுதின பக்கத்தத்தான், அது அனேகமா இருக்காது.

மற்றதுகள வேகமாச் சொல்லிப்போடுறன். 33 ஆயிரம் வோல்ட் லைன் மெயின் ரோட்டோட போகுது, உள்ளுக்க இழுக்கிற செலவு உங்கட. வாற வழியில ஒரு மதகு, நெல்லு லொறிக்கு அது தாங்காது. காணியில ஒரு மூலை கமநல சேவை நிலைய இடாப்பில வயல் எண்டு இருக்கு. 2000ஆம் ஆண்டுக் கமநலச் சட்டப்படி அனுமதி இல்லாம அத நிரப்ப ஏலாது. கடற்கரையில இருந்து 300 மீற்றர் கரையோர வலயம், கடலோட சேர்ற ஆறு, களப்பு எண்டா வாயில இருந்து 2 கிலோமீற்றர் வரைக்கும் உள்ளுக்க போகும், அதையும் அளந்து பாக்கவேணும்.

தண்ணியப் பற்றி மட்டும் கொஞ்சம் நிண்டு சொல்லவேணும். அவிச்சுக் குத்துற ஆலைக்கு நெல்லு ஊறவைக்கத் தண்ணி ஏராளம் வேணும். கரையோரத்தில நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது. கிணத்து மட்டம் ஒரு அடி இறங்கினா, கீழ உப்பு நாப்பது அடி மட்டில ஏறும். பெரிய மோட்டர் போட்டு இறைச்சா ஆலைக்கும் உப்பு, ஊருக்கும் உப்பு. ஊறவைச்ச தண்ணி வெளிய வந்தா ரெண்டு நாளில நாறும். அத வாய்க்காலில விட்டா வயலுக்குள்ள. உமிச் சாம்பல் இந்தக் கச்சானுக்கு எங்க போகும் எண்டு பாருங்க, நேரா அந்தப் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு.

தம்பி, உங்களுக்கு போனிலயும் சொல்லிப்போட்டன்: இந்தக் காணிக்கு இப்ப அட்வான்ஸ் வேணாம். ரோட்டோட, இதவிட மேட்டில ரெண்டு ஏக்கர் உறுதிக் காணி ஒண்டு இருக்காம், விலை கூட. அதையும் பாக்கிறன். காணிக்காரரிட்டயும் சொன்னன், கோவிக்கல்ல, தேத்தண்ணி தந்தவர். கார்த்திகை கடைசியில, நல்ல மழை பெஞ்சு ரெண்டு நாளைக்குப் பிறகு, இதே வேம்படியில வந்து நிண்டு வீடியோ எடுப்பன். அப்ப சப்பாத்து இருக்காது, சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டுதான் நிப்பன்.