பெடலை மாற்றும் முன் இந்த ஆறு வயர்களையும் பார்த்துவிடுங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நம்மிடம் வந்திருக்கும் காரில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் வேகம் எடுக்க மாட்டேன் என்கிறது. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிகிறது. காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் பி2138 என்ற எரர் கோடு வருகிறது. அதாவது பெடலில் இருக்கும் இரண்டு சென்சார்களின் கணக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

இந்த எரர் கோடைப் பார்த்ததும் பலர் நேராகப் புது பெடல் வாங்கிவிடுகிறார்கள். இந்த கார் உரிமையாளரும் வாங்கி மாட்டிவிட்டார். இரண்டு நாள் நன்றாக ஓடியது, அப்புறம் அதே எரர் கோடு, அதே தொந்தரவு. எனக்கு இதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் இருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

முதலில் பெடலில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி கார்களில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடல் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பது வோல்டேஜாகத்தான் ஈசியுவுக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு, போகிறது. ஒரு சென்சார் பொய் சொன்னால் கார் தானாகப் பாய்ந்துவிடக் கூடாது இல்லையா, அதனால் இரண்டு சென்சார். ஒவ்வொன்றுக்கும் மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். மொத்தம் ஆறு. இந்த காரில் இரண்டாவது சிக்னல் எப்போதும் முதல் சிக்னலில் பாதியாக இருக்க வேண்டும். எல்லா காரிலும் இப்படி இல்லை. சிலவற்றில் ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். உங்கள் காரின் வயரிங் படத்தைப் பார்த்துவிட்டு மீட்டரை எடுங்கள்.

டேஷ்போர்டுக்கு அடியில் கை விடும்போது ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அது பெரும்பாலும் ஏர்பேக் வயர். டெஸ்ட் பல்பும் இங்கே வேண்டாம். சென்சார் லைன் அந்த அளவு கரன்ட்டைத் தாங்காது.

சரி, இப்போது பெடலின் கனெக்டரைக் கழற்றாமலே பார்க்கிறோம். இந்த வீடியோவில் முக்கியமான விஷயமே இதுதான். மெல்லிய ஊசி முனையைக் கனெக்டரின் பின்பக்கமாக, வயரை ஒட்டியபடி மெதுவாக உள்ளே விடுகிறேன். பாருங்கள், ரப்பர் சீல் கிழியாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, உள்ளே உலோகத்தில் இடிப்பது விரலுக்குத் தெரிகிறது. வயரின் மேல்தோலைக் குத்தி ஓட்டை போடாதீர்கள். அந்த ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, பிறகு அதுவே ஒரு புது வியாதியாகிவிடும்.

சாவி ஆன், எஞ்சின் ஆஃப். மீட்டரின் கறுப்பு வயர் பேட்டரி நெகட்டிவில். இரண்டு 5 வோல்ட் லைனும் 4.99, 5.00. நல்லது. இங்கே 5 வோல்ட் வரவில்லை என்றாலும் உடனே பெடலைக் குறை சொல்ல முடியாது. அதே லைனில் வேறு சென்சார்களும் இருக்கலாம், அதில் ஒன்று ஷார்ட் ஆனால் இந்த 5 வோல்ட்டையும் கீழே இழுத்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்து சிக்னல். காலை எடுத்த நிலையில் முதல் சிக்னல் 0.76. அப்படியானால் இரண்டாவது 0.38 இருக்க வேண்டும். ஆனால் 0.67 காட்டுகிறது. முழுக்க மிதிக்கிறேன்: 3.80, 2.09. வந்திருக்க வேண்டியது 1.90. கீழேயும் கூடுதல், மேலேயும் கூடுதல். சிக்னல் மொத்தமாக மேலே தூக்கி நிற்கிறது. இப்படி இருந்தால் எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம் வரும்.

இரண்டாவது சென்சாரின் எர்த் வயரில் ஊசியை வைக்கிறேன். 0.31 வோல்ட். எர்த்தில் இவ்வளவு இருக்கவே கூடாது, 0.05க்குள் இருந்தால்தான் எனக்குத் திருப்தி. முதல் சென்சாரின் எர்த்தில் பாருங்கள், 0.01 தான்.

இந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பக்கவாட்டு பேனலுக்குப் பின்னால் நடுவில் ஒரு கனெக்டர் வருகிறது. பெடல் பக்கம் 0.31, ஈசியு பக்கம் 0.01. ஆக, கோளாறு இந்த ஒரு இணைப்புக்குள்ளேதான். லேசாக அசைக்கிறேன்... 0.12, 0.40, திரும்ப 0.28. பார்த்தீர்களா? புது பெடல் மாட்டும்போது வயர் அசைந்து, இரண்டு நாள் சரியாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த நடுக் கனெக்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கத்து வயரிலும் தனித்தனியாக ஓம், அதாவது மின்தடை, பார்த்திருந்தால்? இரண்டு பக்கமும் 1 ஓமுக்குள் காட்டியிருக்கும், 'வயரிங் நல்லா இருக்கு' என்று சொல்லியிருப்போம். கனெக்டரைக் கழற்றியதுமே கோளாறு இருக்கும் இடம் சோதனையிலிருந்து வெளியே போய்விடுகிறது. இன்னொன்று, இப்போதைய பெடல்களில் பெரும்பாலும் காந்தப் புலத்தை வைத்து அளக்கும் ஹால் சென்சார். அதை ஓம் வைத்து அளப்பதில் பயனே இல்லை.

சாவியை ஆஃப் செய்து, பேட்டரியையும் கழற்றிவிட்டுக் கனெக்டரைத் திறக்கிறேன். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன். அந்த ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பச்சைப் பொடி. எதிர்ப் பக்கத்து டெர்மினலும் வாய் விரிந்து போயிருக்கிறது. தனியாக ஒரு பின்னைச் செருகி இழுத்தால் பிடிமானமே இல்லாமல் வருகிறது, மற்ற ஓட்டைகளில் பிடித்து இழுக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் இன்னும் வேகமாக அரிக்கும். கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்துவிட்டு, இரண்டு பக்கத்து டெர்மினலையும் புதிதாகப் போட்டிருக்கிறேன்.

இப்போது எர்த் 0.01. காலை எடுத்தால் 0.76, 0.39. முழுக்க மிதித்தால் 3.80, 1.91. கனெக்டரை அசைத்தாலும் நம்பர் நகரவில்லை. பெடலை மிக மெதுவாக அமுக்கி, ஸ்கேனரில் இரண்டு சென்சாரையும் வரைபடக் கோடாகப் பார்க்கிறேன். மல்டிமீட்டர் சின்னச் சின்னத் துள்ளல்களைத் தவறவிட்டுவிடும், அதனால் இதைத் தவிர்க்காதீர்கள். ஒரு இடத்திலும் குழி விழவில்லை. எரர் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், திரும்ப வரவில்லை.

ஆனால் அந்தப் பச்சைப் பொடி எங்கிருந்து வந்தது? கீழே தரைவிரிப்பைத் தூக்கினால் பஞ்சு ஈரமாக இருக்கிறது. முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் துளையில் காய்ந்த இலை அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தாகிவிட்டது. விரிப்பு காயும் வரை பேனலை மூடாமல் வைத்திருக்கிறேன்.