இரவு இரண்டு மணிக்கு எங்கே போவது?

நேயர்களுக்கு வணக்கம்.

பயணத்தில் தங்குவதற்கு மடக்கு கேம்பர் வண்டி வாங்க நினைக்கும் வீடுகளில் அடுப்பு எத்தனை பர்னர், படுக்கை எத்தனை அடி என்று பேச்சு நன்றாக ஓடும். கழிப்பறை என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். 'அதெல்லாம் போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு கட்சி. 'அது இல்லாமல் நான் வரவே மாட்டேன்' என்று ஒரு கட்சி. இரண்டுமே கணக்குப் போடாமல் பேசுகிற பேச்சு. அந்தக் கணக்கை இன்று போட்டுப் பார்த்துவிடலாம். பேச்சு கொஞ்சம் வெளிப்படையாகத்தான் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் தாழ்வான பெட்டி அது. போய்ச் சேர்ந்ததும் கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும். முன்னும் பின்னும் படுக்கைகளை வெளியே இழுத்துவிடலாம். பாதிச் சுவர் தகடு, மீதிச் சுவர் கித்தான். மடக்கிய நிலையில் படுக்கைகள் உள்ளே தள்ளப்பட்டு, கூரை அவற்றின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். ஆள் நுழைய வழி இருக்காது. இதைத்தான் வாங்கும்போது பலரும் மறந்துவிடுகிறார்கள். 'வழியில் பிள்ளைக்கு அவசரமென்றால் வசதியாக இருக்குமே' என்று கழிப்பறை வைத்த வண்டியைக் கேட்கிறார்கள். சாலையோரம் நிறுத்தி, கூரையைத் தூக்கி, படுக்கையை இழுத்து, கதவை மாட்டி முடிப்பதற்குள் பிள்ளையின் அவசரம் தானாகவே தீர்ந்துவிடும். பயண வழிக்குத்தான் வேண்டும் என்றால் அது காரின் டிக்கியில் இருக்க வேண்டிய பொருள். கேம்பருக்குள் பூட்டி வைத்து ஒரு பயனும் இல்லை.

ஆகவே கேம்பருக்குள் இருக்கும் கழிப்பறை, வண்டியை விரித்து நிறுத்திய பிறகுதான் உதவும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இரவுக்கு மட்டுமா, நாள் முழுவதற்குமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த வகை, எத்தனை லிட்டர், எங்கே வைப்பது என்பதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

நான்கு பேர் உள்ள குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு முறை ஒன்றுக்குப் போனால் சுமார் 300 மில்லி. அதைக் கழுவிவிட இன்னொரு 300 மில்லி. ஆக ஒரு முறைக்கு 600. இரவில் நான்கு பேருக்கும் சேர்த்து ஆறு முறை என்றால் 3.6 லிட்டர். கடைகளில் கிடைக்கும், தூக்கி வைக்கக்கூடிய பெரிய பெட்டிக் கழிப்பறையில் கழிவு சேரும் கீழ்த் தொட்டி ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். ஆனால் அதை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக் கூடாது. முக்கால் என்பது 15 லிட்டர். தொடக்கத்திலேயே நாற்றத்தை அடக்கும் மருந்து கலந்த தண்ணீர் ஒன்றரை லிட்டர் ஊற்றி வைத்திருப்போம். அதைக் கழித்தால் பதின்மூன்றரை. மூன்று இரவுகள் நிம்மதியாக ஓடும். நான்காம் நாள் காலையில் காலி செய்தே ஆக வேண்டும்.

அதே தொட்டியை நாள் முழுக்கப் பயன்படுத்தினால்? ஒருவருக்கு ஏழு முறை என்றால் நான்கு பேருக்கு 28 முறை. முறைக்கு அரை லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் 14 லிட்டர். காலைக்கடன் கணக்கு தனி. அதற்குத் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் 15 லிட்டரைத் தாண்டிவிடும். காகிதத்துக்குப் பதில் தண்ணீரால் கழுவுகிறவர்கள் ஒவ்வொரு தடவைக்கும் இன்னொரு கால் லிட்டரோ அரை லிட்டரோ சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரும் அதே தொட்டிக்குள்தானே போகிறது! குவளைக்குப் பதிலாக அழுத்தினால் பீய்ச்சும் கையடக்கப் புட்டி வைத்துக்கொண்டால் இதைப் பாதியாகக் குறைக்கலாம். ஒன்றுக்குப் போனபின் கோப்பையைக் கழுவவும் சிறு தெளிப்பான் போதும். அது 100 மில்லியில் வேலையை முடித்துவிடும்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு முகம் உண்டு. 15 லிட்டர் என்றால் 15 கிலோ. தொட்டியின் எடையும் சேர்ந்தால் 17, 18 கிலோ ஆகும். அதைத் தினமும் யார் தூக்குவது? கொட்டும் இடம் வண்டிகள் தங்கும் முகாமின் மறுகோடியில், 200 மீட்டர் தள்ளி இருக்கலாம். நாள் முழுக்கக் கழிப்பறை வேண்டும் என்று வாதாடுபவரும் தொட்டியைத் தூக்கப் போகிறவரும் ஒரே ஆளா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பாதிச் சச்சரவு அங்கேயே தீர்ந்துவிடும்.

என் தீர்ப்பு இதுதான்: குளியலறை, கழிப்பறை உள்ள முகாம்களில் தங்கும் குடும்பத்துக்கு இரவுப் பயன்பாட்டுக்கு மட்டும் ஒரு பெட்டிக் கழிப்பறை போதும். பகலில் நடந்து போய்விடலாம். மூன்று வயதுக் குழந்தையோ, கர்ப்பிணியோ, சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடும் பெரியவரோ இருந்தால் அந்த ஒரு பெட்டி அடுப்பைவிட முக்கியம். அப்படி யாரும் இல்லை, எல்லாரும் விடியும்வரை அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறவர்கள் என்றால் ஒன்றுமே தேவையில்லை. எந்த வசதியும் இல்லாத காட்டுப்புற இடங்களில் தங்குவதானால் மட்டும் நாள் முழுவதற்குமான ஏற்பாட்டை யோசியுங்கள்.

தங்கும் இடத்தின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் சொந்தக் கழிப்பறை இல்லாத வண்டியை உள்ளேயே விடமாட்டார்கள். நியூசிலாந்தில் 2023-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: வெளி வசதி இல்லாமலே தங்கக்கூடிய 'தன்னிறைவு வண்டி' என்று சான்று பெற வேண்டுமானால் கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தூக்கி வைக்கிற பெட்டி அந்தக் கணக்கில் வராது.

இப்போது வகைகள். 'போர்ட்டா பாட்டி' என்ற ஒரு கம்பெனிச் சரக்கின் பெயரே இந்தப் பெட்டிகளுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. தமிழ்க் காதுக்கு அது வேறு யாரையோ நினைவூட்டும் என்பதால் நாம் பெட்டிக் கழிப்பறை என்றே சொல்லிக்கொள்வோம். இரண்டு தொட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். மேலே நல்ல தண்ணீர், இருக்கை, பம்ப். கீழே கழிவு. இடையில் தட்டையான ஒரு வால்வு. பிடியை இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். அதைச் சுற்றி ஒரு ரப்பர் சீல். நாற்றம் வருவதும் வராமல் இருப்பதும் அந்த ரப்பர் வளையத்தின் கையில்தான் இருக்கிறது. பெரிய தொட்டி வைத்த பெட்டியில் உட்காரும் உயரம் சுமார் 40 சென்டிமீட்டர். சிறிய தொட்டி என்றால் 30 அளவுக்கு இறங்கிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு அது தோதுதான். முழங்கால் வலி உள்ளவர் அதிலிருந்து எழுந்திருப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே பெரியவர்கள் இருக்கும் வீட்டில் 20 லிட்டர் பெட்டியை வாங்கி, நிரம்பும்வரை காத்திருக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் காலி செய்வது நல்லது. உயரமும் கிடைக்கும், தூக்கும் பாரமும் குறையும்.

வண்டியோடு பொருத்தி வரும் வகையில் கழிவுத் தொட்டியை மட்டும் வெளிப்பக்கத்துச் சிறு கதவு வழியாக உருவி எடுக்கலாம். பயன்படுத்தச் சுகமானது. ஆனால் மடக்கு கேம்பரில் தரை இடம் என்பதே கையளவு. அதில் ஒரு மூலையை நிரந்தரமாக இதற்குக் கொடுத்துவிட்டால், மழை நாளில் நான்கு பேர் உட்கார்ந்து சீட்டாட இடம் இருக்காது. கூடவே ஷவர் வசதியும் வைத்து விற்கிறார்கள். பல குடும்பங்களில் அது ஈரத் துண்டும் செருப்பும் வைக்கும் அலமாரியாகத்தான் முடிகிறது.

மலிவான வழி, மூடியும் இருக்கையும் உள்ள வாளி. உள்ளே இரட்டைப் பை போட்டு, குழந்தைகளின் டயப்பரில் இருப்பது போன்ற உறிஞ்சு தூளைத் தூவினால் திரவம் கூழாகக் கெட்டிப்படும். ஒரே இரவு தங்கலுக்குச் சரி. ஆனால் அந்தப் பையை எல்லா இடத்திலும் குப்பைத்தொட்டியில் போட அனுமதி கிடையாது. கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். இன்னொரு வகை, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சேர்ப்பது. இரண்டும் கலக்கும்போது பாக்டீரியாக்கள் சிறுநீரில் உள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவதால்தான் பெரும் நாற்றம் கிளம்புகிறது. கலக்காவிட்டால் மருந்தே தேவையில்லை. ஆனால் எல்லாரும் சரியான இடத்தில் நேராக உட்கார வேண்டும். நான்கு வயதுப் பையனிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

பெட்டிக் கழிப்பறையை எப்படிப் புழங்குவது என்று சொல்கிறேன். போய்ச் சேர்ந்ததும் கீழ்த் தொட்டியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, புட்டியில் குறித்துள்ள அளவு மருந்தைக் கலக்குங்கள். மருந்து இல்லாமல் முதல் நாளைத் தொடங்கிவிட்டுப் பிறகு ஊற்றுவது வேலைக்காகாது. அடியில் ஒட்டியது ஒட்டியதுதான். ஃபார்மால்டிஹைடு கலந்த பழைய வகை மருந்து பாக்டீரியாவைக் கொன்று நாற்றத்தை அடக்கும். அதே காரணத்தால் செப்டிக் டேங்க்கில் வேலை செய்யும் பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும். முகாமின் கழிவு செப்டிக் டேங்க்குக்குப் போகிறது என்றால் அது இல்லாத வகையை வாங்குங்கள். வீட்டு ப்ளீச்சை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது சீலையும் கெடுக்கும். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயுவையும் கிளப்பும். கித்தான் கூடாரத்துக்குள் அது விளையாட்டுக் காரியமல்ல.

காகிதம் தண்ணீரில் கரைகிற வகையாக இருக்க வேண்டும். ஒரு பாட்டிலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கிப் பாருங்கள். துண்டு துண்டாகப் பிரிந்தால் சரி, முழுசாக நின்றால் வேண்டாம். ஈரத் துடைப்பான்களுக்கு எந்த நிலையிலும் இடமில்லை. அவற்றுக்குத் தனிப் பை. வால்வு ஒழுகுகிறது என்று புகார் வந்தால் பத்தில் ஒன்பது தடவை சீலின் ஓரத்தில் காகிதத் துணுக்கு சிக்கியிருக்கும். துடைத்துவிட்டு சிலிகான் மசகு தடவினால் போதும். வாசலின் போன்ற பெட்ரோலிய ஜெல்லி கூடாது. ரப்பர் ஊதிப்போய்ப் பிறகு வால்வே அசையாது.

இன்னொரு விபத்து மலைப்பாதையில் நடக்கும். தாழ்வான இடத்தில் இறுக மூடிய தொட்டியை உயரத்துக்குக் கொண்டுபோனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருக்கும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். வெயிலில் நின்ற தொட்டியும் அப்படித்தான். வால்வை எடுத்த எடுப்பில் திறந்தால் மேலே பீய்ச்சும். இருக்கையின் மூடியை முதலில் மூடிக்கொண்டு, வால்வை நூலளவு திறந்து காற்று வெளியேறும்வரை காத்திருங்கள். இன்னும் நல்லது, புறப்படுவதற்கு முன்பே காலி செய்துவிடுவது. நிரம்பிய தொட்டியோடு வண்டியை இழுக்கவே வேண்டாம். காலிப் பெட்டியையும் பட்டை போட்டுக் கட்டி, வண்டியின் பின்கோடியில் இல்லாமல் அச்சுக்கு அருகில் வையுங்கள்.

கொட்டுவது அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும். புதர், ஓடை, மழைநீர்க் கால்வாய் எதுவும் ஆகாது. கையுறை போட்டுக்கொண்டு, தொட்டியின் குழாய்மூக்கை வெளியே திருப்பி, சாய்க்கும்போது காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அதை அழுத்த மறந்தால் 'குபுக் குபுக்' என்று விட்டு விட்டுக் கொட்டி, கால்சட்டையெல்லாம் தெறிக்கும். பிறகு இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். குடிநீர்க் குழாய் பக்கம் இந்தத் தொட்டியைக் கொண்டுபோகவே கூடாது.

மறைவு பற்றி ஒரு வார்த்தை. உள்ளே விளக்கெரிந்தால் கித்தான் சுவர் சினிமாத் திரையாகிவிடும்; உட்கார்ந்திருப்பவரின் நிழல் பக்கத்துக் கூடாரத்துக்கு அப்படியே தெரியும். விளக்குக்கும் கித்தான் சுவருக்கும் நடுவில் ஆள் வராதபடி, விளக்கை மங்கலாக வையுங்கள். உள்ளே கனத்த திரை ஒன்று கட்டுங்கள். சத்தத்துக்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான். அது முடியாதவர்கள் வெளியே தனியாக ஒரு கழிப்பறைக் கூடாரம் அடிக்கலாம். ஒன்றேகால் மீட்டர் சதுரம், ஆள் உயரம். காற்றில் பறக்காமல் இருக்க முளைக்கம்பி மட்டும் போதாது, நான்கு மூலையிலும் கயிறு கட்ட வேண்டும். மழை இரவில் அதற்கும் வெளியே போகத்தானே வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. வீட்டிலேயே மூன்று இரவுகள் கழிப்பறைக் கதவில் ஒரு தாளும் பென்சிலும் தொங்கவிடுங்கள். யார் எழுந்து போனாலும் ஒரு கோடு போடட்டும். உங்கள் தொட்டியின் அளவை அந்தக் கோடுகள் சொல்லிவிடும். அடுத்து, கேம்பரை மடக்கிய நிலையில், உள்ளே தள்ளிய படுக்கைக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். விரித்த நிலையில் அளந்துகொண்டு போனால், வாங்கி வந்த பெட்டியின் மேல் கூரை மூடாது.

நன்றி, வணக்கம்.