பரிந்துரைக்குப் பின்னால் எவ்வளவு சான்று?

சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இந்நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம். அரசாங்க கிளினிக்கில் மருந்தாளராகப் பணியாற்றும் என்னிடம், மருந்துப் பையை வாங்கிக்கொள்ளும்போது பலரும் கேட்பது, "இந்த மாத்திரை உண்மையிலேயே வேலை செய்யுமாங்க?" என்பதுதான். மனச்சோர்வுக்கான மாத்திரை என்றால் அதே கேள்வி சற்றுத் தணிந்த குரலில் வரும். நியாயமான கேள்வி அது.

மனச்சோர்வு நோய்க்கென மலேசியச் சுகாதார அமைச்சு வெளியிட்டுள்ள சிகிச்சை வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு 2019-இல் வந்தது. அதில் சான்றுகளுக்குத் தரநிலை குறிக்கப்பட்டுள்ளது. முதல் நிலை என்றால், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்றேனும் இருக்கிறது என்று பொருள். மூன்றாம் நிலை பெரும்பாலும் அனுபவமுள்ள வல்லுநர்களின் கருத்து. இரண்டும் ஒரே நூலில் அச்சாகியிருப்பதாலேயே இரண்டுக்கும் ஒரே உறுதி வந்துவிடாது.

முதல் நிலைச் சான்றையும் அப்படியே விழுங்கிவிட முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளை ஆராய்ந்து 2008-இல் வெளிவந்த கட்டுரையை இங்கே சொல்லியாக வேண்டும். அவ்வமைப்பின் கணிப்பில் மருந்துக்குச் சாதகமானவை 38; அவற்றுள் 37 இதழ்களில் வெளியாகின. மீதமுள்ள 36-இல் 22 ஆய்வுகள் வெளியாகவே இல்லை. இன்னும் 11, சாதகமான முடிவைக் கண்டவைபோல எழுதப்பட்டு வெளியாகின. ஆகவே, இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்குச் சுமார் 94 விழுக்காட்டு ஆய்வுகள் வெற்றி பெற்றதாகத் தோன்றியது. உண்மையில் வெற்றி ஏறத்தாழப் பாதிதான்.

மருந்தே பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. வெளிவராத தரவுகளையும் தேடிச் சேர்த்து, 522 ஆய்வுகளையும் 21 மருந்துகளையும் ஒப்பிட்டு 2018-இல் வந்த பெருந்தொகுப்பு, அந்த 21 மருந்துகளுமே மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்ததைக் காட்டியது. ஆனால் அந்தக் கூடுதல் பலன் சராசரியில் மிதமானதே. பெரும்பாலான ஆய்வுகள் சுமார் எட்டு வாரம்தான் நடந்தன. ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுப்பவரைப் பற்றி எட்டு வார ஆய்வு சொல்லக்கூடியது குறைவு.

பலனை அளக்கும் கருவியையும் பார்க்க வேண்டும். கிளினிக்கில் நீங்கள் நிரப்பும் ஒன்பது கேள்விப் படிவத்தின் உச்ச மதிப்பெண் 27. அதில் ஒரு கேள்வி தூக்கத்தைப் பற்றியது. பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போவதற்காக விடியற்காலை நான்கு மணிக்கு எழும் பால்மரத் தொழிலாளி, போதிய தூக்கமில்லை என்று எழுதினால், அது நோயா வேலையா என்பதைப் படிவம் சொல்லாது. மருத்துவர்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சான்று நம் பொதுப்புத்திக்கு எதிராகவும் நிற்கும். தோட்டத்தில் கோர விபத்தோ தற்கொலையோ நிகழ்ந்தால், பார்த்தவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லவைப்பது நல்லது என்றே தோன்றும். ஒரே அமர்வில் அப்படிச் செய்வது பின்னாளைய மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால், உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. தானாகப் பேச வருபவரைக் கேட்பது வேறு. பேசு என்று வற்புறுத்துவது வேறு.

நம்மைப் போன்றவர்களிடம் நடந்த ஆய்வு உண்டா என்றும் கேட்கலாம். பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை. கோவாவில், மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பயிற்சியளித்து, கடுமையான மனச்சோர்வுடைய 493 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், சில அமர்வுகள் கொண்ட பேச்சு சிகிச்சை நல்ல பலன் தந்தது. மருத்துவர்கள் குறைவாக உள்ள நம் தோட்டப்புறத்துக்கு, வேறெந்த ஆய்வையும்விட இதையே நான் நெருக்கமாகக் கருதுகிறேன்.

புலனத்தில் வந்த காணொளியைப் பார்த்துவிட்டு மாத்திரையைச் சட்டென நிறுத்துபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்படி நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கேடு வரலாம். நோயே திரும்பிவிட்டது என்று பலர் அதைத் தவறாக எண்ணுகிறார்கள். நிறுத்த விரும்புபவர் மருத்துவரிடம் சொன்னால், அவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். இந்தப் பரிந்துரைக்கு எந்த நிலைச் சான்று இருக்கிறது என்றும் அப்போதே அவரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நன்றி, வணக்கம்.