பாப்பா மேல காபி கொட்டாதா?

நேயர்களுக்கு வணக்கம். சின்னப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தக் கேள்விகள் என்று உங்களுக்கே தெரியும். ஓடுகிற பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்பார்களே, "அந்த அக்கா வயிறு ஏம்மா இவ்ளோ பெருசா இருக்கு?" என்று. அந்தக் கேள்விகள்தான்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கன்வாடி என்றால் சோறும் பாட்டும் மட்டும் இல்லை. 1975-ல் இந்தத் திட்டம் வந்ததிலிருந்தே கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கும் இடம் ஒன்றுதான். எடை பார்க்க, சத்துமாவு வாங்க எல்லாரும் அங்கேதான் வருவார்கள். மூன்று வயதுப் பிள்ளை தட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு அம்மா மாசாமாசம் வயிறு பெருத்து வருகிறாள், நடுவில் கொஞ்ச நாள் ஆளைக் காணோம், அப்புறம் கையில் ஒரு குழந்தையோடு வந்து நிற்கிறாள். பார்த்த பிள்ளை கேட்காமல் இருக்குமா?

நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான். கேள்வி வந்ததும் பதிலைத் தேடி ஓடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறே?" என்று முதலில் அதையே கேளுங்கள். பிள்ளை மனசில் ஏற்கெனவே ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் நாம் என்ன சொன்னாலும் பொருந்தாது.

எங்கள் மையத்தில் ஒரு பையன் இருந்தான், நாலு வயது. அவன் அம்மா இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள். திடீரென்று இவன் ஒரு பழக்கம் பிடித்தான். அம்மா காபி டம்ளரைத் தூக்கினால் போதும், ஓடிவந்து கையைத் தட்டிவிடுவான், அழுவான். ரசம் ஊற்றிச் சாப்பிட்டாலும் அதே கதை. தம்பியோ தங்கச்சியோ வரப்போகிறதே, பொறாமை என்று அப்பா சொன்னார். பாட்டி விடவில்லை, கண்ணேறு என்று மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். கயிறு கட்டிய மறுநாளும் காபி தரையில்தான்.

ஒருநாள் மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் படுத்திருந்தபோது இவன் மட்டும் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா எங்கடா இருக்கு?" என்றேன். "வயித்துல." "வயித்துல வேற என்ன இருக்கு?" என்னை ஒரு மாதிரி பார்த்தான், டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்று. "இட்லி இருக்கு, சாம்பார் இருக்கு, காபி இருக்கு." அப்புறம் எழுந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான், "பாப்பா மேல சூடா கொட்டாதா டீச்சர்?"

பாருங்கள், இதுவா பொறாமை? பாப்பாவைக் காப்பாற்றத்தான் அத்தனை டம்ளரையும் தட்டிவிட்டிருக்கிறான். சாப்பாடு போகிற பை வேற, பாப்பா இருக்கிற பை வேற, அதற்குக் கருப்பை என்று பேர், காபி அந்தப் பக்கமே போகாது என்று சொன்னேன். "அப்ப பாப்பாவுக்குப் பசிக்காதா?" அவன் சட்டையைத் தூக்கித் தொப்புளைத் தொட்டுக் காட்டினேன். இங்கே ஒரு கொடி இருந்தது, அம்மா சாப்பிட்ட சத்து அது வழியாகத்தான் உனக்கு வந்தது என்றேன். ரொம்ப நேரம் தொப்புளுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கேள்வி, "உள்ளயே உச்சா போகுமா?" போகும். பாப்பாவைச் சுற்றி இருக்கிற தண்ணீரில் பிந்தைய மாதங்களில் பெரும்பங்கு அதுதான். இதைச் சொன்னதும் சிரித்தான் பாருங்கள், தூங்கிய பிள்ளைகளெல்லாம் எழுந்துவிட்டார்கள்.

நம் வீடுகளில் சொல்கிற பதில் என்ன? "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்." பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததையாவது காப்பாற்றத் தவிட்டுக்கு விற்று வாங்குகிற வழக்கம் உண்மையிலேயே இருந்தது, வேண்டுதல் மாதிரி. இன்றைக்கு அதைக் கேலிக்குச் சொல்கிறோம். பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்க 'என்னைத் திருப்பிக் கொடுத்துடுவாங்களோ' என்று படுத்திருக்கும்.

அப்புறம், பாப்பா எப்படி வெளியே வருகிறது என்கிற கேள்வி. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 ஆபரேஷன். அதனால் தழும்பைப் பார்த்த பிள்ளைகள் நிறைய. "உன்னை எடுக்க என் வயித்தையே வெட்டினாங்க" என்று அம்மா அலுத்துக்கொண்டால், தன்னால்தான் அம்மாவுக்கு வலி என்று எடுத்துக்கொள்ளும். டாக்டர் மருந்து கொடுத்து, வலி தெரியாமல் எடுத்து, தையல் போட்டார், இப்போது ஆறிவிட்டது என்று சொன்னால் போதும். சுகப்பிரசவம் என்றால், குழந்தை வரவென்றே அம்மா உடம்பில் ஒரு வழி இருக்கிறது, உச்சா போகிற இடம் இல்லை, அது வேற என்று சொல்லலாம். கூச்சமாகத்தான் இருக்கும். கிராமத்துப் பிள்ளைக்கு இது பெரிய விஷயமே இல்லை. பசு கன்று போடுவதை நேரில் பார்த்திருக்கும், நஞ்சுக்கொடியை ஓலையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட அப்பா பின்னாலேயே போயிருக்கும்.

உள்ளே எப்படிப் போனது என்று கேட்டால்? அம்மா உடம்பில் கடுகைவிடச் சின்னதாக ஒரு முட்டை, அப்பா உடம்பிலிருந்து ஒரு உயிரணு, இரண்டும் சேர்ந்தால் பாப்பா. நாலு வயதுக்கு இவ்வளவுதான் தேவை. "கோழி முட்டையா?" என்று கேட்கும், இல்லை என்று சொல்லுங்கள், விளையாடப் போய்விடும். கேட்டதற்கு மட்டும் பதில். திரும்பவும் சொல்கிறேன், கேட்டதற்கு மட்டும்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மறைவான உறுப்புகளுக்கும் கை, கால் மாதிரி பேர் சொல்லிக் கொடுங்கள். யாராவது தப்பாகத் தொட்டால் எங்கே என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரிய வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2012-லேயே போக்சோ சட்டம் வந்தது, 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், ஆனால் முதலில் பிள்ளை வாயைத் திறந்து சொன்னால்தானே எல்லாம்.

இன்னொன்று, தாத்தா எங்கே போனார் என்கிற கேள்வி. அதைத்தான் விரிவாகப் பேச வைத்திருந்தேன். "தூங்கிட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள், பிறகு பிள்ளை படுக்கவே பயப்படும். உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி அவருக்கு வலிக்காது, பசிக்காது, திரும்பி வரமாட்டார் என்று சொல்லுங்கள். மறுநாளும் அதையே கேட்கும், மறுநாளும் அதையே சொல்லுங்கள். மிச்சத்தை இன்னொரு முறை கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.