மூச்சு சொல்லிக்கொடுக்கிறதுக்கு முன்னாடி கரியமில வாயுவைப் படிங்க

வணக்கம் மக்களே. பாம்பன் கரையில இருந்து பேசுறேன், காத்துச் சத்தம் இருக்கும், பொறுத்துக்கோங்க. யோகா ஆசிரியர் பயிற்சியில சேரப் போறவங்களுக்கும், இப்பப் படிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கும் இந்த வீடியோ. உடற்கூறு, பிராணாயாமம், தத்துவம்னு மூணையும் தனித்தனி வகுப்பாத்தான் நடத்துவாங்க. மூணும் ஒண்ணாச் சேர்ற இடம் மூச்சு. அதைத் தப்பாச் சொல்லிக்கொடுத்தா நம்ம கரையில உயிருக்கே ஆபத்து.

"வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல ஆக்ஸிஜன் ஏறும்"னு நிறையப் பேர் சொல்றாங்க. ஏறாது. நல்லா இருக்கிற ஆளுக்குச் சும்மா உக்காந்திருக்கும்போதே 95 சதவீதத்துக்கு மேல நிறைஞ்சுதான் இருக்கு. வேகமா விட்டா வெளியே போறது கரியமில வாயு. மூச்சு முட்டுதுன்னு மூளைக்குச் சொல்றதும் பெரும்பாலும் அந்த வாயுதான். அது ரொம்பக் குறைஞ்சா மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மதமதன்னு ஆகும். அதைப் பாத்துட்டு "சக்தி எழும்புது"ன்னு மாணவர்கிட்ட தயவுசெஞ்சு சொல்லாதீங்க. பயிற்சியை நிறுத்திட்டு இயல்பா மூச்சு விடச் சொல்லுங்க.

இப்ப கடலைப் பாருங்க. சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கிற அக்காமார், சங்கு குளிக்கிற அண்ணன்மார், எல்லாரும் மூச்சடக்கி முங்குறவங்க. முங்குறதுக்கு முன்னாடி பஸ்திரிகா மாதிரி இருபது முப்பது தடவை வேகமா இழுத்து விட்டா, முட்டுற உணர்வு வர்றதுக்குள்ள ஆக்ஸிஜன் தீந்துபோயி தண்ணிக்குள்ளயே மயக்கம் வரும். மேல ஏறி வர்றப்ப இன்னும் ஆபத்து. தண்ணியோட அழுத்தம் குறையக் குறைய நுரையீரல்ல ஆக்ஸிஜன் அழுத்தமும் சேந்து இறங்கிரும். அதனால கும்பகம், அதாவது மூச்சை அடக்கி நிறுத்துறது, தரையில மட்டும்தான், அதையும் உக்காந்துதான் செய்யணும்.

அடுத்து ஒரு கணக்கு. ஒரு மூச்சுல சுமார் 500 மில்லி காத்து உள்ளே போகுது. அதுல 150 மில்லி மூச்சுக்குழாயிலயே நின்னுரும், ரத்தத்துல கலக்காது. நிமிஷத்துக்கு 30 மூச்சு, ஒவ்வொண்ணும் 250 மில்லின்னா மொத்தம் ஏழரை லிட்டர், ஆனா பயன்படுறது 3 லிட்டர்தான். அதே ஏழரை லிட்டரைப் பத்து மூச்சா, 750 மில்லி வீதம் எடுத்தா 6 லிட்டர் பயன்படும். மெதுவா, ஆழமா விடச் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

ஆழம்னா நெஞ்சைத் தூக்குறது இல்ல. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற மூச்சுத் தசை உதரவிதானம். அது கீழ் ஆறு விலா எலும்புலயும் இடுப்பு முதுகெலும்போட மேல்பகுதியிலயும் ஒட்டியிருக்கு. சுருங்கினா கீழே இறங்கும், வயிறு முன்னாடியும் விலா பக்கவாட்டுலயும் விரியும். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, அரைக் கிலோ அரிசிப் பையை வயித்து மேல வைக்கச் சொல்லுங்க. உள்மூச்சுல பை ஏறணும். சிலர் பையைத் தூக்கணும்னே வயித்தைத் தள்ளுவாங்க, அது வயித்துத் தசையோட வேலை, மூச்சு இல்ல. சந்தேகமா இருந்தா கீழ் விலாவைச் சுத்தித் துண்டைக் கட்டுங்க. ரெண்டு பக்கமும் துண்டு இறுகுனா சரி.

கபாலபாதின்னா வயித்தை உள்ள இழுத்து மூச்சை வெட்டி வெட்டி வெளியே தள்ளுறது. அதுல வெளிமூச்சு மட்டும்தான் முயற்சி, உள்மூச்சு தானா வரணும். தோள் குலுங்குதுன்னா உள்ளேயும் இழுக்கிறாங்கன்னு அர்த்தம், மறுபடி மேல சொன்ன கிறுகிறுப்புதான். புதுசா வர்றவங்களுக்கு 20 தடவை, ஒரு நிமிஷ ஓய்வு, இப்படி மூணு சுத்து போதும். சாப்பிட்டு மூணு மணி நேரமாவது ஆகியிருக்கணும். கர்ப்பிணி, கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம், கண் அழுத்த நோய் இருக்கிறவங்களுக்குக் கொடுக்கவே கூடாது.

தத்துவ வகுப்புல தூங்கிராதீங்க, பாதுகாப்பே அங்கதான் இருக்கு. பதஞ்சலி சமாதி ராமேஸ்வரத்துலதான்னு நம்ம சித்தர் மரபு சொல்லும். அவரோட யோக சூத்திரம் ரெண்டாம் பாதத்துல, ஆசனம் அமைஞ்ச பிறகுதான் பிராணாயாமம்னு வரிசையே போட்டிருக்கு. திருமூலர் சொல்ற அளவு பூரகம் (இழுக்கிறது) 16, கும்பகம் 64, ரேசகம் (விடுறது) 32 மாத்திரை. மாத்திரைன்னா நம்ம இலக்கணத்துல கண்ணிமைக்கிற, கை நொடிக்கிற நேரம். கடிகார விநாடியா எண்ணிட்டீங்கன்னா ஒரு சுத்துக்கு 112 விநாடி, புதுசா வந்தவரு திணறிப்போவாரு. முதல்ல 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விடட்டும், கும்பகமே வேண்டாம். வெளிமூச்சு நடுங்காம வந்தா 4-4-8, அதாவது 4 இழுத்து, 4 அடக்கி, 8 விடுறது. 4-16-8க்கு மாசக்கணக்குல பழகின பிறகுதான் போகணும். நடுங்குச்சுன்னா ஒரு படி கீழே இறக்கிருங்க.

ஆசனத்துல ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பத்மாசனத்துல முட்டியைக் கையால அமுக்காதீங்க. திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. அதோட எலும்பு அமைப்பு ஆளுக்கு ஆள் வேற. அது திரும்பலேன்னா முறுக்கு முழங்கால் ஜவ்வுல விழும். அப்புறம், பொலபொலன்னு இருக்கிற மணல்ல கையூன்றி நிக்கிற ஆசனம் வேண்டாம். உள்ளங்கை புதைஞ்சு மணிக்கட்டு அளவுக்கு மீறி மடங்கும். அலை நனைச்ச இறுகின மணல்ல பாயை விரிங்க.

புதுசா யார் வந்தாலும் ரத்த அழுத்தம், கண், அறுவை சிகிச்சை, கர்ப்பம் எல்லாம் கேட்டு எழுதிக்குவீங்கள்ல, அதோட ஒரு வரி சேத்துக்கோங்க: "கடல்ல முங்குவீங்களா?" ஆமான்னு சொன்னா, முங்குறதுக்கு முன்னாடி வேகமா மூச்சு விட்டா என்ன ஆகும்னு முதல் நாளே அவங்களுக்கு விளக்கிச் சொல்லிருங்க.