பச்சை இல்லாத இளவேனில்

(கோவையில் ஒளிப்பட ஆர்வலர்கள் கூடிய அரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், தோளில் கேமராவோடு வந்திருக்கும் இளையோர்களுக்கும் வணக்கம்.

பனிக்காலம் கழிந்து இளவேனில் தொடங்கும் நாள்களில் இயற்கையையும் நிலக்காட்சியையும் படமெடுப்பது பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். இந்தப் பொருளில் நமக்குக் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டவர் தம் நிலத்தைப் பார்த்து வகுத்தவை. அங்கே பனி உருகியதும் மண்ணிலிருந்து பசும்புல் எழுகிறது. பச்சைதான் இளவேனிலின் அடையாளம். அதே கணக்கோடு மாசி மாதத்தில் முதுமலைக்குப் போகும் நம் நண்பர்கள், இலையுதிர்த்த தேக்கையும் சருகையும் புழுதியையும் கண்டு, “இப்போது இங்கே ஒன்றுமில்லை, மழை பெய்தபின் வரலாம்” என்று கேமராவைப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். நம் மலையடிவாரக் காடுகளில் இளவேனில் வறட்சியின் நடுவில், இலையற்ற கிளைகளின்மேல் வருகிறது என்பதையும், அதற்கேற்ப நம் கண்ணையும் கருவியையும் பழக்க வேண்டும் என்பதையும் சொல்வதற்காகவே இங்கு நிற்கிறேன்.

மாசி, பங்குனி மாதங்களைப் பின்பனிக்காலம் என்று வகுத்த பழைய இலக்கண நூலார், பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிய பொழுதாகச் சேர்த்தார்கள். வகுப்பறையில் அதைப் படித்தபோது, பனிக்கும் பாலைக்கும் என்ன உறவு என்று நம்மில் பலர் வியந்திருப்போம். பிப்ரவரி மாத விடியலில் முதுமலையை அடுத்த மசினகுடிப் பக்கம் கம்பளியைப் போர்த்தியபடி நின்று, பதினொரு மணிக்குள் அதே இடத்தில் நிழல் தேடியவர்களுக்கு அந்த ஐயம் எழாது.

முதலில் மலைமேல் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில், சில ஆண்டுகளில் பிப்ரவரியிலும், உறைபனி படிகிறது. மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்க, குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. எனவே உறைபனியைத் தேடுவோர் மேட்டில் ஏறி நிற்பதில் பயனில்லை. தலைகுந்தா போன்ற இடங்களின் தாழ்ந்த புல்வெளிகளில், வெயில் படும் முன்பே சென்றிருக்க வேண்டும். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக் கணக்கிடுவதால், வெண்மை நிறைந்த காட்சியை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். அங்கே எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியை, ஒரு ஸ்டாப் அளவுக்கு (இருமடங்காக)க் கூட்டுவது நல்லது. உறைபனியைப் படமெடுத்த கையோடு திரும்பிவிடாமல், அருகிலுள்ள சோலைக்காடுகளின் ஓரத்தில் செந்நிறமாகப் பூக்கும் காட்டுப் பூவரசையும், அதன்பின் சோலையின் மேற்பரப்பு முழுவதும் செம்பு நிறத்தில் தளிர்விடுவதையும் தொடர்ந்து கவனித்தால், மலைமேலும் இளவேனில் முதலில் சிவப்பாகவே வருவதைக் காணலாம்.

இனிக் காட்டுக்கு இறங்குவோம். குளிரில் கிடந்த கேமராவைக் கீழே வந்ததும் வெதுவெதுப்பான, ஈரமான காற்றில் திறந்தால் லென்ஸில் நீர் பூக்கும். மூடிய பையிலேயே சிறிது நேரம் விட்டுவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பெறும் முதுமலையின் மேற்குப் பகுதியில் ஈரம் சற்றுத் தங்கியிருக்க, மழைமறைவான கிழக்குப் பகுதி முட்புதராகக் காய்ந்து கிடக்கும். இலையெல்லாம் உதிர்ந்த இந்தப் பருவத்தில்தான் முள்ளிலவு கிண்ணம் போன்ற பெரிய சிவந்த பூக்களை விரிக்கிறது. அதையொட்டிப் புரசும் தீ நிறத்தில் பூக்கிறது. இலை மறைக்காததால் பூ தொலைவிலிருந்தே பறவையின் கண்ணில் படுகிறது. தேனுக்காக மைனாவும் கிளியும் கரிச்சானும் காகமும் ஒரே மரத்தில் கூடுகின்றன. மேலே மந்திகள் தின்று சிந்தும் பூக்களைக் கீழே புள்ளிமான்கள் பொறுக்கித் தின்னுகின்றன. ஒரு முள்ளிலவு மரத்தைக் காலை முழுவதும் பார்த்திருப்பவருக்கு, காடு முழுவதும் சுற்றி வருபவரைவிட அதிகப் படங்கள் கிடைக்கும் என்பது என் துணிபு.

அந்தச் சிவப்பைப் படத்தில் கொண்டுவருவது எளிதன்று. நீல வானமும் சாம்பல் கிளையும் பெரும்பகுதியாக இருக்கும் சட்டகத்தில் மீட்டர் மொத்த ஒளியைச் சரியாகவே கணிக்கும். ஆனால் பூவில் சிவப்பு மட்டும் எல்லை கடந்து, இதழின் மடிப்பும் நரம்பும் அழிந்து, ஒரே சாயப்பூச்சாகிவிடும். படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம், பொதுவான வடிவில் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிந்த ஹிஸ்டோகிராமை எடுத்துவைத்து, சிவப்பு வலது விளிம்பில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுத்தால் பின்னர் நிழல்பகுதியை உயர்த்திக்கொள்ள இடமிருக்கும். இழந்த சிவப்பை முழுமையாக மீட்க வழியில்லை.

ஒளியைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. மார்ச் மாதத்து லண்டனில் சூரியன் மணிக்கு ஒன்பது பாகை அளவில் சாய்ந்தபடி ஏறுகிறது. நீலகிரியோ வடக்கே பதினொரு பாகை அகலாங்கில் இருப்பதால், இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக, மணிக்குப் பதினான்கு பாகைக்கு மேல் உயர்கிறது. அங்கே ஒரு மணி நேரம் கிடைக்கும் பொன்னொளி நமக்கு முக்கால் மணி நேரம்கூட நிலைப்பதில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கே வந்து நிழலை விழுங்கிவிடும். ஆகவே ‘சூரியன் உதித்தபின் கிளம்பலாம்’ என்ற பேச்சு நமக்கு ஒத்துவராது. மரத்தை முந்தின நாளே தேர்ந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பது, பத்து மணிக்குமேல் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று அலைகள் தொலைவுக் காட்சியை நெளியச் செய்கின்றன. பலர் அப்போது தம் டெலி லென்ஸைக் குறைசொல்லி, விலை உயர்ந்த வேறொன்றை வாங்கத் துடிக்கிறார்கள். அதிலும் படம் அப்படியேதான் நெளியும். அந்த நேரத்தில் அருகிலிருப்பதை எடுங்கள்: புங்கின் பளபளக்கும் புதுத்தளிர், அரசிலையின் இளஞ்செம்மை, பட்டையின் வெடிப்பு. புழுதியும் புகையும் கலந்த மங்கலைப் பகையாக எண்ண வேண்டியதில்லை. சூரியனுக்கு எதிர்முகமாக நின்றால், அதே மங்கல் ஒன்றன்பின் ஒன்றான மலைத்தொடர்களை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும். அதை அகற்ற முயல்வோர், காட்சியின் ஆழத்தையும் சேர்த்தே அகற்றிவிடுகிறார்கள்.

புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) நம் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர். இலையற்ற காட்டின் கோடுகளைக் காண விரும்பும் இளையோர், வண்ணத்தை ஒதுக்கிவிட்டுச் சில வாரங்கள் அப்படி எடுத்துப் பார்க்கலாம். பூவுக்கு வண்ணம் வேண்டும். கிளைக்கு அது தேவையில்லை.

ஒரு நடைமுறைச் செய்தி. புலிகள் காப்பகத்துச் சாலையில் வண்டியைவிட்டு இறங்க அனுமதியில்லை. அரிசி நிரப்பிய துணிப்பையைச் சன்னலில் வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டால், முக்காலியின் வேலையில் பெரும்பகுதியை அது செய்துவிடும். தீ அபாயம் மிகும் ஆண்டுகளில் இந்த மாதங்களில் சுற்றுலாவை நிறுத்திவைப்பதும் உண்டு. அதற்காக வனத்துறையோடு வழக்காடுவதில் பொருளில்லை. சாலையோரத்திலும் ஊர்ப்புறத்திலும் முள்ளிலவு நிற்கிறது.

நிறைவாக, கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாட்டின் பல பகுதிகளில் பொதுமக்கள் தமக்குப் பக்கத்திலுள்ள மரங்களின் தளிர், பூ, காய் ஆகியவற்றை வாரந்தோறும் பார்த்துப் பதியும் ‘சீசன்வாட்ச்’ என்னும் திட்டம் நடந்துவருகிறது. தேதியும் இடமும் குறித்த உங்கள் படங்கள் அப்படிப் பதியும்போது கைகொடுக்கும். வீட்டுத் தெருவில் நிற்கும் புங்கையோ வேம்பையோ ஒன்றைத் தேர்ந்து, அதே இடத்தில் நின்று, வாரம் ஒருமுறை எடுத்துவாருங்கள். சித்திரையில் கோடை மழை விழுந்து காடு பச்சையானதும் எல்லோரும் முதுமலைக்குக் கிளம்புவார்கள். அதற்கு முன் எடுத்த படங்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், அவற்றை வைத்தே அன்று பேசலாம்.