தடைக்காலத்துச் சொந்தங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 வந்துவிட்டால் நம் கரையில் விசைப்படகுகள் நின்றுவிடும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரை முழுவதும் தடை. 2001-இல் இந்தத் தடை தொடங்கியபோது 45 நாட்களாக இருந்தது. 2017-இல் 61 நாட்களானது. இந்த நாட்களில் வருமானம் நின்றுபோவதைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். நான் பேச வந்திருப்பது அதே நாட்களுக்குள் வருகிற ஒரு சந்தோஷத்தைப் பற்றி. கடலும் பள்ளிக்கூடமும் ஒரே நேரத்தில் விடுமுறை விடுகிற காலம் அது. சென்னை, திருப்பூர், பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் என்று போய்விட்ட சொந்தங்கள் ஊருக்கு வருவார்கள்; ஊரில் இருப்பவர்களும் கரையில் இருப்பார்கள். ஆண்டில் வேறு எந்த மாதத்திலும் இந்த இரண்டும் கூடி வராது. தடை தொடங்கியதும் கேரளக் கரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் சிலர் உண்டு. அங்கே தடை ஜூனில்தான் தொடங்குகிறது. அவர்கள்கூட மே மாத நடுவில் ஒரு வாரம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் குடும்பமும் மே மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு கூடுகிறது. மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, வடகடல் ஓரத்தில் உள்ள ஊர். அய்யா கட்டிய வீடு, அதன் பின்னால் பனைமரங்கள், பனைகளைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் தண்ணீர். அய்யாவும் அப்பத்தாவும் இப்போது இல்லை. அவர்களுடைய ஏழு பிள்ளைகளின் வழிவந்த பேரன் பேத்திகளும் கொள்ளுப்பேரன்களும்தான் கூடுகிறோம்.

வெளியூர்ப் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள்: தனுஷ்கோடிப் பக்கம் போகலாமே, அங்கே அலை நன்றாக இருக்குமே என்று. மே மாதத்தில் கச்சான் காற்று எழத் தொடங்கிவிடும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளித்து நிற்கும். வடக்கே எங்கள் பாக் விரிகுடாப் பக்கம் குளம் போல் கிடக்கும். மழைக்காலத்தில் வாடை வந்தால் இது அப்படியே தலைகீழாகும். ராமேசுவரம் தீவில் தென்பக்கத்தை ஆண்கடல் என்றும் வடபக்கத்தைப் பெண்கடல் என்றும் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். சிறு பிள்ளைகளைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் விளையாட விட வேண்டுமென்றால், மே மாதத்துக்கு ஏற்றது வடகடல்.

அங்கேயும் எச்சரிக்கை வேண்டும். ஆழமில்லாத அந்தத் தண்ணீரில் மணலுக்குள் திருக்கை பதுங்கியிருக்கும். காலைத் தூக்கி வைத்து நடந்தால் அதன் மேல் மிதித்துவிடுவோம். மணலில் உராய்த்தபடி நடந்தால் அதிர்வு உணர்ந்து அது விலகிப் போய்விடும். சொறி என்கிற ஜெல்லிமீன் மிதந்து வருகிற நாளில் பிள்ளைகளை இறங்க விடுவதில்லை. இவற்றைச் சொல்லிக்கொடுப்பது கரையில் இருக்கிற என் தம்பிகளின் வேலை. திருப்பூரில் பெரிய பொறுப்பில் இருப்பவரின் மகனும் அந்த ஒரு மணி நேரம் கைகட்டி நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காத பிள்ளைக்குத் தண்ணீர் கிடையாது.

சனிக்கிழமையின் உயிர் கரைவலைதான். தடை விசைப்படகுகளுக்குத்தான், கையால் இழுக்கும் கரைவலைக்கும் நாட்டுப்படகுக்கும் இல்லை. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் வலையை ஏற்றிக் கடலுக்குள் அரைவட்டமாக விட்டுக்கொண்டே போய், மறுமுனையைத் தள்ளி வேறோர் இடத்தில் கரைசேர்ப்பார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் நெருங்கி வரும். மீன் சேர்கிற மடி கடைசியில்தான் வரும். அதற்குள் மணிக்கணக்கில் ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் எங்கள் குடும்பம் குடும்பமாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரே கயிற்றில் வங்கி அதிகாரியும் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவரும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பெண்ணும் நிற்கிறார்கள். ஒருவர் இழுக்காவிட்டால் அடுத்தவர் கைக்கு உடனே தெரிந்துவிடும். முன்னால் நிற்பவர் யார் என்று தெரியாமல் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். அப்பா பெயரைச் சொன்னால், "அப்படியானால் நான் உனக்குச் சித்தப்பா முறை, இந்தா நிற்கிறாளே, இவள் உனக்கு மதினி" என்று கயிற்றிலேயே முறை சொல்லி முடித்துவிடுவார்கள்.

மடி கரையேறியதும் சூடை, நெத்திலி, காரல், முரல், அதிர்ஷ்டம் இருந்தால் கணவாய். பிள்ளைகள் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்து நடப்பதை. கடல் அட்டையோ கடல்குதிரையோ வந்திருந்தால் உயிரோடு திருப்பி விட வேண்டும். 2001 முதல் அவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. என் தம்பி அட்டையைக் கையில் ஏந்திப் போய்த் தண்ணீரில் விடுவதைப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிப் பார்ப்பார்கள். ஆவுளியாவைப் பற்றிக் கேள்விகள் வரும். தாழை என்கிற கடற்புல்லை மேய்ந்து வாழும் அந்தக் கடற்பசுவை நேரில் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்பதற்கு நிகரான பாடம் எந்தப் பள்ளியிலும் இல்லை. முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, கேட்பவர்களுக்குப் பசி வந்துவிடும். முண்டு மிளகாய் அரைத்த மீன்குழம்பு, நண்டு, பிற்பகலில் நுங்கு, காலையில் பனையோலைப் பட்டையில் பதநீர். கீழக்கரையில் இருக்கும் குடும்ப நண்பர் வீட்டிலிருந்து தொதல் என்கிற இனிப்பு வந்துவிடும். அவர்களும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

மாலையில் என் பெரிய அத்தை மணலில் ஊற்றுத் தோண்டிக் காட்டுவார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீரா என்று பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலும் அவசரப்பட்டு இறைத்தாலும் உப்பு ஏறிவிடும். சிரட்டையால் மெல்ல மொள்ள வேண்டும். அத்தை இதைக் கற்றது தனுஷ்கோடியில். அவர் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைப் பற்றி அவர் ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை சொல்வார். யாரும் இடையில் பேசமாட்டோம். பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் கடலுக்குள் போனது, ஊர் போனது, அதன்பின் அது மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது எல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் அக்கரையில் தன் தங்கையைப் பெண் கொடுத்ததும், அந்தத் தங்கைக்குக் கடைசியாகக் கொடுத்தனுப்பிய கருப்பட்டியும் அத்தையிடம் மட்டும்தான் இருக்கின்றன. அந்தத் தங்கையின் பேரப்பிள்ளைகள் இப்போது மன்னாரிலிருந்து கைப்பேசியில் முகம் காட்டுகிறார்கள். அவர்களும் எங்கள் கணக்கில் உண்டு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் நல்ல நிலையில் இருக்கும் என் அண்ணன் மகன் ஒரு யோசனை சொன்னான். பெரியவர்களுக்கு வெயில் தாங்கவில்லை, பெண்கள் இரண்டு நாளும் அடுப்படியிலேயே நிற்கிறார்கள், கொடைக்கானலில் விடுதி எடுத்துவிடலாம், செலவை நாங்கள் நான்கு பேர் ஏற்றுக்கொள்கிறோம் என்றான். நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. பலர் தலையாட்டினார்கள். நான் மறுத்தேன்.

ஊரில் இருக்கும் தம்பிகளுக்கு அது வருமானமில்லாத காலம். தடைக்கால நிவாரணமாக அரசு தருவது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாதத்தை அதைக் கொண்டு ஓட்ட முடியாது. அதே நேரத்தில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்ற வேண்டும், வர்ணம் அடிக்க வேண்டும், இயந்திரத்தைப் பிரிக்க வேண்டும். எல்லாம் கடன். ஆனாலும் மே மாதத்தில் அந்த வாசலுக்கு நாம் போகும்போது அவர்கள்தான் வீட்டுக்காரர்கள். "வாங்க மச்சான், வாங்க அத்தாச்சி" என்று அழைக்கிற உரிமை அவர்களுடையது. கொடைக்கானலுக்குப் போனால் பணம் கட்டியவன் வீட்டுக்காரன் ஆகிவிடுவான். என் தம்பி இன்னொருவர் தயவில் வந்து நிற்பான். முதல் ஆண்டு வருவான். அடுத்த ஆண்டு ஏதாவது வேலை இருக்கிறது என்பான். அதற்கடுத்த ஆண்டு அவனை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். குடும்பங்கள் சண்டை போட்டுப் பிரிவதைவிட இப்படிக் கூச்சப்பட்டு விலகிப் பிரிவதுதான் அதிகம். நான் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் அடுப்படியில் நிற்கிறார்கள் என்று அவன் சொன்னது உண்மை. அதற்கு வழி செய்தோம். படகில் குழம்பு வைப்பவர்கள் ஆண்கள்தானே? சனிக்கிழமை மதியச் சமையல் முழுவதும் இப்போது அவர்கள் கையில். மீன் கழுவுவது முதல் பாத்திரம் கவிழ்ப்பது வரை. பெண்கள் பனைநிழலில் உட்கார்ந்து பேசுகிறோம்.

செலவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று. எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே தொகை. வசதியுள்ளவரிடம் கூடுதலாக வாங்குவதில்லை, இல்லாதவருக்குக் குறைப்பதும் இல்லை. தொகையைச் சிறியதாக வைத்துக்கொள்கிறோம். கூடுதலாகச் செய்ய நினைப்பவர்கள் அரிசியாக, எண்ணெயாக, முன்னதாகவே சத்தமில்லாமல் இறக்கிவிட வேண்டும். இன்னொன்றை நான் வற்புறுத்திச் சொல்வேன்: நாட்டுப்படகு வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் நண்டும் மீனும் வாங்கினால் சந்தை விலையைக் கொடுங்கள். தடைக்காலத்தில் அவருக்கு நல்ல விலை கிடைக்கும் நாட்கள் இவை. உறவு என்று சொல்லி இனாமாக வாங்கிக் காரில் ஐஸ் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அவர் கொடுப்பார், மறுக்கமாட்டார். அதனால்தான் நாம் கேட்கக்கூடாது.

உங்கள் குடும்பத்திலும் இடம் மாற்றுகிற பேச்சு எழலாம். எழுந்தால், ஊரில் இருப்பவரை முதலில் கேளுங்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்காமல் தனியாக, அவர் வலை பின்னிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

இந்த உரையை எங்கள் வீட்டார் பலர் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். இந்த ஆண்டு இளையவர்கள் இரண்டு நாள் முன்னதாக வர வேண்டும் என்று பேசியிருக்கிறோம். சின்னத் தம்பியின் படகுக்கு வர்ணம் அடிக்கிற வேலை பாக்கி இருக்கிறது. மற்றவர்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் வந்துவிடுங்கள். சனிக்கிழமை விடியும் முன்பே வள்ளம் இறங்கிவிடும்.

நன்றி, வணக்கம்.